ஆத்தப்பன் வீட்டு ஊமைப் பெட்டி

அத்தியாயம் 5

வாசிம் மாடிப்படி ஏறி வந்த வேகத்தைப் பார்த்து, கீழே அவன் கடையில் யாரோ உயிரை விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். உயிரை விட்டது ஆள் இல்லை, ஒரு கம்ப்யூட்டர். அதுவும் அவன் கடையில் இல்லை, பல்லடம் ரோட்டில்.

"பானுக்கா, நாலு மணிக்குள்ள என்னைக் காப்பாத்துங்க. இல்லாட்டி கடைக்குப் பூட்டுத்தான்."

நசீம் பானு வாயிலிருந்த தேன் மிட்டாயை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு மாற்றினார். யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம்.

ராயபுரத்தில் கீழே வாசிமின் கம்ப்யூட்டர் கடை, மேலே எங்கள் 'பானு துப்பறியும் நிலையம்'. பானுக்காவிடம் மூளை இருக்கிறது. அவருடைய உதவியாளன் மகுடேஸ்வரனாகிய என்னிடம் ஸ்கூட்டர் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் திருப்பூரில் காணாமல் போகும் அட்டைப்பெட்டிகளையும் அவ்வப்போது காணாமல் போகும் மாப்பிள்ளைகளையும் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறோம்.

"கடை போனா வைஃபையும் போயிருமேக்கா," என்றேன். எங்கள் நிலையம் வாசிமின் வைஃபையில்தான் ஓடுகிறது. கடவுச்சொல் அவன் மகள் நிதாவின் பெயர். நான் தனியாகத் துப்பறிந்து வென்ற ஒரே வழக்கு அது.

"விசயத்தைச் சொல்லு," என்றார் பானு.

வாசிம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னான். பல்லடம் ரோட்டில் பனியன் கம்பெனி நடத்தும் ஆத்தப்பனின் மருமகள் அனுப்பிரியா. டீ-சர்ட்டில் அச்சடிக்கும் படங்களை வரைகிற பெண். வீட்டிலேயே வரைவதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும், ஆனால் ரெடிமேடாக வேண்டாம் என்றாளாம். ஊர் உலகத்துக்கெல்லாம் ரெடிமேடு தைத்து அனுப்பும் ஊரில் பிறந்த பெண்!

"ஒவ்வொண்ணா வாங்கி நானே மாட்டிக்கறேன்னாங்க. துணி தனி, காலர் தனி, பட்டன் தனின்னு பார்த்து எடுக்கற மாதிரி எடுத்தாங்கக்கா. பிராசஸருக்கு ஒரு வாரம் கேள்வி. மதர்போர்டுக்கு ஒரு வாரம் கேள்வி. ராத்திரி கனவுல வந்து ரேம்ல எது நல்லதுன்னு கேட்பாங்களோன்னு பயந்துட்டேன். கலர் லைட்டுக்குச் செலவு பண்ணாதீங்க, அதை நல்ல பவர் சப்ளையில போடுங்கன்னு நான்தான் சொன்னேன். கேபினெட்டு, அதான் வெளிப்பெட்டி, அதையும் லைட்டே இல்லாததா எடுத்தாங்க. நேத்து எல்லாத்தையும் மாட்டி முடிச்சுப் பட்டனை அமுக்கியிருக்காங்க. ஒண்ணுமே ஆவல."

"நீ போய்ப் பார்க்கறதுதானே?"

"போனனே! ஆத்தப்பண்ணன் வாசல்லயே நிறுத்திட்டாரு. 'உள்ள வந்தீன்னா செத்த பார்ட்டைக் கழட்டிட்டு நல்லதை வெச்சுட்டுப் போயிருவ. அப்புறம் நான் பொய் சொன்னாப்பல ஆயிரும்'ங்கறாரு. தேர்ட் பார்ட்டி இன்ஸ்பெக்‌ஷன் வேணுமாம்."

எங்கள் ஊரில் சரக்கு வாங்குபவருக்கும் தைத்தவருக்கும் தகராறு வந்தால், இரண்டு பக்கமும் சேராத மூன்றாவது ஆள் வந்து பெட்டியைப் பிரித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். ஆத்தப்பன் கம்ப்யூட்டருக்கும் அதே சட்டத்தைப் போட்டுவிட்டார்.

"நாலு மணி டீக்குள்ள மூணாவது ஆளு வந்து சொல்லோணும். இல்லாட்டி முதலாளிங்க வாட்ஸப் குரூப்புல என்ற பேரைச் சொல்லி வாய்ஸ் போட்டுருவாராம். பனியன் கம்பெனிக்காரங்க பூரா அதுல இருக்காங்கக்கா. என்ற யாவாரமே அவங்கதான்."

பானு அவனை உற்றுப் பார்த்தார். "பழைய பார்ட்டு ஏதாச்சும் தள்ளிவிட்டியா?"

"நிதா மேல சத்தியமா இல்லக்கா."

"பாஸ்வேர்டு மேலயே சத்தியம் பண்ணிட்டான். நம்பலாம்," என்றேன் நான்.

ஸ்கூட்டரைக் கிளப்பும்போது பானு என் இடுப்பைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"அந்த வாலைச் சுருட்டி உள்ள விடு மகுடு."

வால் என்றால் நூல். என் டீ-சர்ட் செகண்ட்ஸ் கடையில் எடுத்தது. வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்று ஒதுக்கியதை நான் மட்டும் வேண்டி விரும்பி அணிகிறேன். அதன் கீழ் மடிப்பிலிருந்து ஒரு நூல் முழங்கால் வரை தொங்கும். இழுத்தால் சட்டை மொத்தமும் பிரிந்துவிடுமோ என்று பயந்து, அதோடு அனுசரித்துக் குடும்பம் நடத்திவருகிறேன்.

"இது எனக்கு ராசியான நூல்க்கா."

"சக்கரத்துல சிக்கி நீ வெறும் உடம்போட போய் இறங்கினா, நிலையத்தோட மரியாதை என்னாகறது?"

சுருட்டி உள்ளே விட்டேன். முதல் வேகத்தடையிலேயே அது மறுபடி வெளியே வந்துவிட்டது.

*

ஆத்தப்பனின் வீடு கம்பெனிக்கு மேலேயே இருந்தது. கீழே தையல் மிஷின்கள் மழை பெய்வதுபோல் இரைந்துகொண்டிருந்தன. மேலே ஆத்தப்பன் வெள்ளைச் சட்டையில், செல்போனை வாய்க்கு நேராகப் படுக்கவைத்துப் பிடித்தபடி நின்றார். எதையோ கடிக்கப்போகிறவர் போலிருந்தது.

"வாங்க வாங்க. நீங்கதான் தேர்ட் பார்ட்டிங்களா?"

"ஆமாங்க."

"இவரு?"

"இவன் எந்தப் பார்ட்டியிலயும் சேர்த்தியில்லீங்க," என்றார் பானு.

ஆத்தப்பனுக்கு டைப் அடிக்கத் தெரியாது. அதற்குப் பதிலாக வாய்ஸ் அனுப்புவதில் மன்னராகியிருந்தார். மைக் குறியை அழுத்தி மேலே தள்ளிவிட்டால் கையை எடுத்தாலும் பதிவு ஓடிக்கொண்டே இருக்குமே, அந்த வித்தையை எங்களுக்குச் செய்தே காட்டினார். "விரல் நோகாதுங்க. எவ்வளவு நேரம் வேண்ணாலும் பேசலாம்."

அந்தக் குரூப்பில் இருப்பவர்களை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.

"ஒரே ஒரு கண்டிசனுங்க," என்றார். "அந்த வாசிம் பையன்கிட்டப் போன்ல பேசப்படாது. இன்ஸ்பெக்டருன்னா இன்ஸ்பெக்டரா இருக்கோணும்."

சரி என்றோம். அதற்குள் உள்ளிருந்து பழனாயி தண்ணீர்ச் சொம்போடு வந்தார். ஆத்தப்பனின் மனைவி. முதலாளியம்மா என்றாலும் கீழே செக்கிங் மேஜையின் தலைவியும் அவர்தான். தைத்து முடிந்த பனியன்களைப் புரட்டிப் பார்த்து, குறை இருந்தால் தனியே எறிந்து, தொங்கும் நூல்களை வெட்டி அனுப்பும் மேஜை அது. நேராக அங்கிருந்துதான் ஏறி வந்திருந்தார். நடுவிரலில் மோதிரம்போல மாட்டிய டிரிம்மர், அதாவது நூல் வெட்டும் குட்டிக் கத்தரி, இன்னும் விரலிலேயே இருந்தது.

"வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிங்க சாமி," என்று எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு, என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். என் அழகைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வேறெதையும் நினைக்க அப்போது காரணம் இருக்கவில்லை.

மூலையில் மேஜை. அதன்மேல் பக்கக்கதவு திறந்த நிலையில் அந்தக் கறுப்புப் பெட்டி. பக்கத்தில் அனுப்பிரியா, கண்ணைச் சுற்றிக் கருவளையத்தோடு.

"எல்லாத்தையும் கழட்டி மறுபடியும் மாட்டிப் பார்த்துட்டனுங்க. புஸ்தகத்துல இருக்கறபடியேதான் மாட்டினேன்," என்றாள். "வாசிம் அண்ணன் ஏமாத்தியிருக்க மாட்டாருங்க. அவரே லாபம் வர்ற பொருளை வேண்டாம்னு சொன்னவரு. ஆனா எனக்கு வேற என்ன சொல்றதுன்னும் தெரியலீங்க. தப்பு அவரோடது இல்லீன்னா என்னோடதுதானே?"

"பொறு அம்மிணி. இன்னும் ஆளுங்க இருக்காங்க," என்று பானு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். "ஒவ்வொருத்தரா விசாரிப்போம். முதல் குற்றவாளி யாரு?"

"பவர் சப்ளைதானுங்க எல்லாரும் சொல்றாங்க. ஆனா மதர்போர்டுல பாருங்க, ஒரு குட்டி லைட்டு எரியுது. கரன்ட்டு வந்து சேருதுன்னு அர்த்தம்."

"அப்ப பவர் சப்ளை வேலைக்கு வந்துருச்சு. விடுதலை. அடுத்து?"

"ரேம். அது சரியில்லாட்டியும் ஃபேன் சித்த நேரமாச்சும் சுத்தோணுமுங்க. இங்க பட்டனை அமுக்கினா அசைவே இல்லீங்க."

நான் போய்ப் பட்டனை அழுத்திப் பார்த்தேன். இன்னும் பலமாக அழுத்தினேன். கெஞ்சியும் பார்த்தேன். பட்டன் உள்ளே போனது, வெளியே வந்தது. பெட்டி என் வார்த்தைக்கு என் வீட்டில் கிடைக்கும் மரியாதையையே கொடுத்தது.

"பட்டன் கூப்பிடுது. உள்ள இருக்கறவங்களுக்குக் காது கேட்கல," என்றார் பானு. "சரி, இதை வாங்கறப்ப இந்த ஊட்டுல யாரு என்ன சொன்னாங்க?"

"கேபினெட்டு மாமா எடுத்ததுங்க. கடையில எல்லாத்தையும் கையில தூக்கிப் பார்த்து, வெயிட்டா இருந்ததை எடுக்கச் சொன்னாரு."

"பின்ன?" என்றார் ஆத்தப்பன். "துணியோ தகரமோ, கனம் இருந்தாத்தானுங்க நல்ல சரக்கு."

"அவரு கலர் கலரா எரியற ஃபேன் வேணும்னாரு. நான்தான் வேண்டாம்னுட்டேன்." அவர் என்றால் கணவன் ரித்தீஷ். சரக்கு விஷயமாக மும்பை போயிருந்தான்.

"மாமியார்?"

அனுப்பிரியா குரலைத் தாழ்த்தினாள். "அத்தை எதுவுமே சொல்லலீங்க. மொத மொதல்ல வந்தது கேபினெட்டுதான். ஒரு வாரம் காலியா இங்கயே நின்னுச்சு. அத்தை கதவைத் திறந்து உள்ள பார்த்துட்டு 'ஃபினிஷிங் பத்தல கண்ணு'ன்னாங்க. அதோட சரி. நான் இதெல்லாம் பண்றது அவங்களுக்குப் புடிக்கலையோ என்னமோ."

என் மூளையில் விளக்கு எரிந்தது. பானுக்காவைத் தனியே இழுத்துக் கிசுகிசுத்தேன்.

"அக்கா, கேஸ் முடிஞ்சுது. மாமியார் சதி! மருமகள் முன்னேறுவதைப் பொறுக்காத மாமியார் உள்ளே புகுந்து—"

"ஏன் மகுடு, பேச்சே எழுத்துநடைக்கு மாறுது? சீரியல் பார்க்கறதை நிறுத்து."

"பின்ன 'ஃபினிஷிங் பத்தல'ன்னா என்னக்கா அர்த்தம்? உன்னை ஃபினிஷ் பண்ணீர்றேன்னுதானே?"

பானு பெட்டிக்குள் தலையை விட்டார். பெட்டியின் முன்பக்கத்து இயர்போன் ஓட்டையிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் தடித்த கறுப்பு ஒயரைத் தூக்கிப் பிடித்தார். அதன் நுனியருகில், அளவெடுத்ததுபோல், குட்டியாக ஒரு முடிச்சு.

"இது யாரு போட்டது?"

"கம்பெனியிலயே போட்டு வந்ததுன்னு நினைச்சனுங்க. முடிச்சோடயே மாட்டிட்டேன்."

"மகுடு, இந்த மாதிரி முடிச்சை எங்க பார்த்திருக்க?"

"என் கல்யாணத்துல."

தேன் மிட்டாய் கன்னம் மாறியது. பானுவின் விரல் மதர்போர்டின் ஓரத்துக்கு நகர்ந்தது. அங்கே இரண்டு வரிசையாகக் குட்டிக் குட்டிக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. எதிலும் எதுவும் மாட்டப்படவில்லை.

"இது ஏன் காலியா கிடக்குது?"

"அதுங்களா? கேபினெட்டுல இருந்து வர்ற சின்ன ஒயரையெல்லாம் அதுல மாட்டச் சொல்லிப் புஸ்தகத்துல இருந்துச்சு. என்ற கேபினெட்டுல அப்படி ஒயரே இல்லீங்க. நான் லைட்டு இல்லாத மாடல்தானே எடுத்தேன், அதெல்லாம் லைட்டு வெச்ச மாடலுக்குப் போலன்னு விட்டுட்டேன்."

தேன் மிட்டாய் அப்படியே நின்றது. மிட்டாய் இப்படி அசையாமல் நிற்பதை இதற்குமுன் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். அன்று ஒரு கம்பெனியின் மேனேஜர் வேலையை விட்டு ஓடினார்.

பானு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்புக்குக் கீழே பார்த்தார்.

"மகுடு. உன் வால் எங்க?"

குனிந்தேன். நூலைக் காணோம்! என் ராசியான நூல், முழங்கால் வரை தொங்கிய நூல், அடியோடு மாயம். சட்டை பிரியவும் இல்லை. மடிப்போடு மடிப்பாக, அங்கே ஒரு நூல் இருந்ததென்று கோர்ட்டில்கூட நிரூபிக்க முடியாத அளவுக்குச் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது.

"அக்கா, வாசல்ல இருந்துச்சுக்கா! செருப்பைக் கழட்டறப்பக்கூட மிதிச்சேன்!"

"சுத்திப் பாரு."

பார்த்தேன். ஜன்னல் திரையில் ஒரு பிசிறு இல்லை. மிதியடியின் ஓரம் கத்திபோல் இருந்தது. சோபா உறை, துண்டு, சுவரில் காலண்டர் தொங்கிய கயிற்றின் நுனி, எல்லாம் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. மூலையில் நின்ற தென்னந்துடைப்பம்கூட சலூனுக்குப் போய் வந்ததுபோல் ஒரே மட்டமாக நின்றது.

"உன்ற இயர்போனை எடு," என்றார் பானு என் காதருகில். "காதுல மாட்டாத. பேன்ட் பாக்கெட்டுல இருந்து ஒரு முழம் தொங்கவிடு."

"அது புதுசுக்கா. போன வாரம்தான்—"

"தொங்கவிடு."

தொங்கவிட்டேன். பலி ஆட்டுக்கு மாலை போடுவதுபோல் இருந்தது. ஆடு நான்தான் என்பது மட்டும் அப்போது தெரியவில்லை.

*

கீழே மிஷின்களின் சத்தம் சட்டென்று நின்றது. டீ நேரம். படிக்கட்டில் டம்ளர்கள் கலகலவென்று ஏறி வந்தன.

ஆத்தப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி நாலாச்சுங்க. உங்களுக்கும் ஒண்ணும் தெரியலயாட்ட இருக்குது. நான் எங்க குரூப்புக்காரங்களுக்குச் சொல்லிப் போடறேன். நாளைக்கு வேற ஒருத்தரு ஏமாறப்படாதில்லீங்களா?" செல்போன் வாய்க்கு நேராக உயர்ந்தது. கட்டைவிரல் மைக்கை அழுத்தி மேலே தள்ளியது.

"அனைத்து முதலாளி நண்பர்களுக்கும் வணக்கமுங்க. ஆத்தப்பன் பேசறேன். ராயபுரத்துல வாசிம்னு ஒரு பையன் கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கான். அந்தக் கடையப் பத்தி ஒரு முக்கியமான சமாச்சாரமுங்க—"

அனுப்பிரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழனாயி டீத் தட்டோடு என்னிடம் வந்தார்.

"எடுத்துக்கங்க சாமி. சர்க்கரை போதுமான்னு பாருங்க."

ஒரு வாய் குடித்தேன். "போதுமுங்க. இஞ்சி தட்டிப் போட்டிருக்கீங்களா? மணமா—"

'டிக்.'

அவ்வளவுதான் சத்தம். பழனாயி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடியே, "ஆமாங்க, ஏலக்காயும் போட்டிருக்குது," என்றார். அவருடைய வலது கை, அவரைக் கேட்காமல், என் பாக்கெட்டருகே போய் வேலையை முடித்துவிட்டுத் திரும்பியிருந்தது. வெட்டிய இயர்போன் துண்டைச் சுருட்டி இடுப்பிலிருந்த வேஸ்ட் பையில் போட்டுக்கொண்டு அடுத்த டம்ளரை நீட்டப் போனார்.

"நிறுத்துங்க!" என்றார் பானு. ஆத்தப்பன் போனைத் தாழ்த்தினார். "கொலையாளி பிடிபட்டாச்சுங்க."

எல்லோரும் என் பாக்கெட்டைப் பார்த்தார்கள். அங்கே ஒயர் தொங்கிய இடத்தில் ஒயர் இல்லை. பழனாயி வேஸ்ட் பைக்குள் கைவிட்டு அதை எடுத்துப் பார்த்தார். பிறகு தன் வலது கையை, அது பக்கத்து வீட்டுக்காரியின் கைபோல, வெறித்துப் பார்த்தார்.

"ஐயோ சாமி! தொங்குச்சேன்னு கை தானாப் போயிருச்சுங்களே!"

"பரவாயில்லீங்கம்மா," என்றார் பானு, என்னைக் கேட்காமலேயே. "அந்தப் பெட்டி காலியா நின்ன வாரத்துலயும் கை தானாப் போச்சுங்களா?"

"அது தானாப் போகலீங்க," என்றார் பழனாயி நிமிர்ந்து. "அது நானே உக்காந்து பொறுமையா டிரிம் பண்ணுனது."

தட்டிலிருந்து டம்ளரை எடுத்த ஆத்தப்பன் அதை வாய்க்குக் கொண்டுபோகாமல் மனைவியைப் பார்த்தார்.

"கதவைத் திறந்தேன். உள்ள பிசிறு பிசிறாத் தொங்குது. செவப்பு, வெள்ளை, பச்சைன்னு கலர் நூலு. ஒவ்வொண்ணு நுனியிலயும் லேபிளாட்ட ஒரு பிளாஸ்டிக்கு. எந்தக் கம்பெனிக்காரனோ செக்கிங்கே பண்ணாம அனுப்பிட்டான். ஒட்ட வெட்டி உட்டேன். தடியா ஒண்ணு இருந்துச்சு. அது தொப்பி வெச்ச பனியனுக்குக் கழுத்துல வர்ற நாடா மாதிரி இருந்துச்சு. நாடாவை வெட்டப்படாதுங்களே! நுனி உருவிட்டுப் போயிரக்கூடாதுன்னு முடிச்சுப் போட்டு உட்டேன்."

என் கல்யாணத்தில் பார்த்த முடிச்சு அல்ல. எங்கள் ஊரிலிருந்து கப்பலேறும் ஒவ்வொரு தொப்பி பனியனின் கழுத்திலும் தொங்கும் முடிச்சு.

"அடியே பழனாயி! நேத்திருந்து ஊடே அல்லோல கல்லோலப்படுது. வாயத் திறந்து சொல்லப்படாதா?"

"என்னை யாராச்சும் கேட்டீங்களா? வாசிம் என்னத்தைக் குடுத்தான், வாசிம் எதை மாத்துனான்னுதானே நாயம் பேசிட்டு இருந்தீங்க? பிசிறு வெட்டுனதெல்லாம் ஒரு சமாச்சாரமா?"

"எதுக்குங்கத்தை?" என்றாள் அனுப்பிரியா. "அது நல்லா இல்லீன்னுதானே..."

பழனாயி மருமகளைப் பார்த்தார். அதுவரை இருந்த நிமிர்வு கொஞ்சம் தளர்ந்தது.

"அந்த எழவெல்லாம் எனக்கென்ன தெரியும் கண்ணு? நீ கடை கடையாப் போயி, ஒவ்வொண்ணாக் கேட்டுக் கேட்டு வாங்கறதப் பார்த்துட்டுத்தானே இருந்தேன். இந்த ஊட்டுக்கு வந்து நீ உனக்குன்னு வாங்குன மொதச் சாமான். அது பிசிறோட நிக்கலாமா? வர்றவங்க போறவங்க என்ற மருமவ பொருளைப் பார்த்து ஃபினிஷிங் பத்தலம்பாங்கல்ல?"

நான் கட்டிவைத்திருந்த சீரியல் கதை அந்த இடத்தில் மளமளவென்று சரிந்தது. இடிபாட்டுக்குள்ளிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அது நான்தான். ஏலக்காய் அதிகம்.

பானு செல்போன் டார்ச்சை அடித்தார். முன்பக்கப் பட்டனுக்குப் பின்னால், எறும்பின் மீசை அளவுக்கு இரண்டு ஒயர் நுனிகள் மினுக்கின. "பட்டன்ல இருந்து அந்தக் காலிக் கம்பிக்குப் போகவேண்டிய ஒயரு இதுதான். ஒட்ட வெட்டியிருக்குது. வெட்டுன துண்டெல்லாம் எங்கம்மா?"

"பனியன் வேஸ்ட் மூட்டையில போட்டேன். அது முந்தாநாளே எடைக்குப் போயிருச்சே!"

திருப்பூர் பனியன் வேஸ்ட் கடைசியில் எங்கெங்கோ உள்ள ஒர்க்‌ஷாப்புகளுக்குத்தான் போகும். அனுப்பிரியாவின் பட்டன் ஒயர் இந்நேரம் ஏதோ ஒரு லாரியின் கிரீஸைத் துடைத்துக்கொண்டிருக்கும்.

"அதனால என்னங்க," என்று அனுப்பிரியா சட்டென்று புத்தகத்தைப் புரட்டினாள். கருவளையத்துக்குள் கண்கள் விழித்துக்கொண்டன. "பட்டன்னா என்னங்க, ரெண்டு கம்பியை ஒரு நொடி தொட வைக்கறதுதானே? இதோ, இந்த ரெண்டுதான். கூரா, இரும்புல ஏதாச்சும் இருந்தா..."

ஒருவர் பின் ஒருவராக எல்லோருடைய பார்வையும் பழனாயியின் நடுவிரலில் போய் நின்றது.

"நானா?" என்று அவர் பின்வாங்கினார். "ஷாக் அடிக்குமே கண்ணு!"

"அடிக்காதுங்கத்தை. ரொம்பச் சின்ன கரன்ட்டு. வாங்க, நான் புடிச்சுக்கறேன்."

மருமகள் மாமியாரின் மணிக்கட்டைப் பிடித்தாள். டிரிம்மரின் கூர்நுனி மெல்ல உள்ளே இறங்கி இரண்டு கம்பிகளையும் ஒருசேரத் தொட்டது.

விர்ர்ரென்று ஃபேன் சுழன்றது. திரையில் வெளிச்சம் வந்தது. ஊமைப் பெட்டி ஒருமுறை 'பீப்' என்றது. பழனாயி "ஆத்தாடி!" என்று கத்தி, பிறகு மறுபடி தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று தடுப்பதற்குள் எங்களுக்கு வியர்த்துவிட்டது.

"வாசிம் குடுத்தது எல்லாமே முதல் தரம்," என்றார் பானு ஆத்தப்பனிடம். "தேர்ட் பார்ட்டி பாஸ் பண்ணியாச்சுங்க."

"ஒத்துக்கறனுங்க. பையன் நல்ல பையன். கேபினெட்டுக்குள்ள இவ கையை விட்டதுக்கு அவன் என்ன பண்ணுவான்? நல்லவேளை, நான் குரூப்புல போடறதுக்குள்ள—" ஆத்தப்பன் கையிலிருந்த செல்போனைப் பார்த்தார். கண்கள் விரிந்தன.

மேலே தள்ளிவிட்ட மைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

வணக்கம் முதல் 'டிக்' வரை, நூல் முதல் நாடா வரை, 'அடியே பழனாயி' முதல் 'ஆத்தாடி' வரை அத்தனையும் அதற்குள் இருந்தது. பதறிப்போய் எதையோ அழுத்தினார். 'ஸ்வூப்' என்றது. போய்விட்டது.

"அழிங்க, அழிங்க!" என்றேன்.

"அதைத்தானே பண்றேன்!" மறுபடி அழுத்தினார். பெருமூச்சு விட்டார். "அப்பாடா, அழிஞ்சுது."

பானு எட்டிப் பார்த்தார். "உங்க போன்ல மட்டும் அழிஞ்சிருக்குதுங்க. மத்தவங்க எல்லார்கிட்டயும் பத்திரமா இருக்குது."

திருப்பூரின் அத்தனை பனியன் முதலாளிகளும் டீ குடித்துக்கொண்டே அதைக் கேட்டார்கள். முதல் பதில், பழனாயியக்காவை ஒரு வாரம் தங்கள் செக்கிங் மேஜைக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டது. அடுத்தது, முதல் தரம் என்று சொன்னார்களே, அந்த வாசிம் பையனின் நம்பர் என்ன என்று கேட்டது. அதற்கடுத்து வந்ததெல்லாம் வெறும் சிரிப்புப் பொம்மைகள். ஆத்தப்பன் சோபாவில் சாய்ந்து, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

என் போன் அடித்தது. வாசிம்.

"அண்ணா, என்ன பண்ணுனீங்க? கடை போன் விடாம அடிக்குது. சண்டைக்குக் கூப்பிடறாங்களா, சாமான் கேக்கறாங்களா? எடுக்கவே பயமா இருக்குது!"

"எடு வாசிம். எடுத்துட்டு நாளைக்கு ரெண்டு முழம் பட்டன் ஒயரும் ஒரு இயர்போனும் கொண்டு வா."

"இயர்போன் எதுக்குண்ணா?"

"கடமையில உயிர்விட்டுருச்சு."

புது ஒயர் வரும்வரை டிரிம்மர்தான் பட்டன் என்று முடிவாயிற்று. பழனாயி அதை விரலிலிருந்து கழற்றி மருமகளிடம் கொடுத்தார். அதைக் கழற்றிய விரலில் வெள்ளையாக ஒரு தடம் இருந்தது. அனுப்பிரியா வெள்ளை நூல் ஒன்றை எடுத்து, டிரிம்மரைக் கேபினெட்டின் கைப்பிடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். முடிச்சுக்கு வெளியே நூல் இரண்டு விரற்கடை தொங்கியது.

பழனாயி அந்த நூலைப் பார்த்தார். நாங்கள் பழனாயியைப் பார்த்தோம். அவருடைய வலது கை மெல்ல எழுந்தது, காற்றில் ஒருமுறை மூடித் திறந்தது, எதுவும் இல்லையென்று தெரிந்து இறங்கியது.

"கட்டுப்படுத்திக்கிட்டாங்க," என்று கிசுகிசுத்தேன்.

பழனாயி முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்தார். நூலைப் பல்லால் நறுக்கென்று கடித்துத் துப்பிவிட்டு, பெட்டியைத் தட்டிக் கொடுத்தார்.

"இப்பத்தான் கண்ணு ஃபினிஷிங் சரியா இருக்குது."